சபைக் காசில் ஊர்த் தொலைக்காட்சி: கொழும்பில் எது நடக்கும், எது நடக்காது?

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஊர்மக்களே நிகழ்ச்சி செய்து ஒளிபரப்பும் கேபிள் அலைவரிசைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் உள்ளூராட்சி வழியாகவே பணம் வருகிறது. அது எப்படி, கொழும்பில் அதற்கு வழி உண்டா என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வெள்ளவத்தை வாசகர்: சேர், அந்தப் பணம் எங்கேயிருந்து வருது? மக்கள் கட்டும் வரியா?

வரி இல்லை. கேபிள் கம்பனி நகரசபையின் வீதியைத் தோண்டி வயர் இழுக்கிறது. வீதியைப் பாவிப்பதற்காக அது சபைக்குக் கட்டுவதுதான் பிரான்சைஸ் கட்டணம். கேபிள் சேவையில் கம்பனிக்குக் கிடைக்கும் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சபை கேட்கக்கூடாது என்று 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் வரம்பு கட்டியது. பொதுமக்கள், கல்வி, அரசாங்கம் ஆகிய மூன்றுக்கும் அலைவரிசை ஒதுக்கும்படி கேட்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் சபைக்குக் கொடுத்தது.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஊரில் 4,000 சந்தாதாரர், ஆளுக்கு மாதம் 80 டொலர் என்று வைத்தால் வருட வருமானம் 38 இலட்சத்து 40 ஆயிரம் டொலர். அதில் 5 சதவீதம் 1 இலட்சத்து 92 ஆயிரம். கம்பனி இதை பில்லில் தனியாகக் காட்டிச் சந்தாதாரரிடமே அறவிடலாம். ஆகவே கடைசியில் கட்டுவது கேபிள் பார்க்கும் வீட்டுக்காரர்தான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த 5 சதவீதத்தைத் தொலைக்காட்சிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. தனிக் கணக்கு இல்லாவிட்டால் அது சபையின் பொது நிதியில் சேரும். பிறகு வீதி விளக்குக்கும் குப்பை லொறிக்கும் பக்கத்தில் நின்று நிலையமும் கை நீட்ட வேண்டும். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே தனி நிதிக்கணக்கு வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் பார்த்த ஏற்பாடுகளில் மற்றவர்கள் முதலில் பின்பற்ற வேண்டியது அதுதான்.

பம்பலப்பிட்டி வாசகர்: புதுக் கமரா இருக்கும், சம்பளம் கொடுக்கக் காசு இருக்காது என்கிறார்களே, ஏன்?

சட்டம் அப்படிப் பிரித்திருக்கிறது. ஸ்டூடியோ, கமரா போன்ற மூலதனச் செலவுக்குக் கம்பனி கொடுப்பதை 5 சதவீத வரம்புக்கு வெளியே வைக்கலாம். சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் வரம்புக்கு உள்ளே. கலிபோர்னியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அலைவரிசைகளுக்கு மேலதிகமாக 1 சதவீதம் வரை எடுக்க வழி விட்டது. அதையும் மூலதனத்துக்குத்தான் பாவிக்க வேண்டும். விளைவு, விலையுயர்ந்த உபகரணம் பெட்டியோடு கிடக்கும், இயக்க ஆள் இருக்காது.

வத்தளை வாசகர்: இப்போது எல்லாரும் நெட்ஃபிளிக்ஸ்தானே?

அதுதான் பெரிய அடி. கேபிள் சேவையின் வருமானத்துக்குத்தான் கட்டணம். இணையச் சந்தா கணக்கில் வராது. மேலே சொன்ன ஊரில் 4,000 பேர் 2,500 ஆகக் குறைந்தால் 1 இலட்சத்து 92 ஆயிரம் 1 இலட்சத்து 20 ஆயிரமாக இறங்கும். நிலையத்தின் வாடகை இறங்காது.

கொட்டாஞ்சேனை வாசகர்: கொழும்பு மாநகர சபையும் இப்படிக் கேட்கலாம்தானே?

கேட்க முடியாது. இங்கே உரிமம் கொடுப்பது சபை இல்லை. தனியார் தொலைக்காட்சிக்கான உரிமம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அமைச்சரிடமிருந்து வருகிறது. இன்னொன்று, இங்கே நிறைய வீடுகளுக்குத் தொலைக்காட்சி செய்மதி டிஷ் வழியாக வருகிறது. அமெரிக்காவிலும் செய்மதிக் கம்பனியிடம் ஊர்ச் சபை கட்டணம் எடுக்க முடியாது; 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது.

ஆகவே அலைவரிசை கேட்டு அலையாதீர்கள். சபைக் கூட்டத்தையும் வட்டார விஷயங்களையும் பதிவுசெய்து இணையத்தில் போடுவதற்குச் சபையிடம் ஒதுக்கீடு கேளுங்கள். அது சபையின் கைக்குள் இருக்கிற காரியம்.

மட்டக்குளி வாசகர்: இலங்கையில் இதற்கு முன்மாதிரி உண்டா?

வானொலியில் உண்டு. 1981இல் மகாவலி சமூக வானொலி, 1989இல் கொத்மலை. இரண்டுமே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ் இயங்கியவை. உள்ளூராட்சியின் கையில் இருந்தவை இல்லை.

தெஹிவளை வாசகர்: எங்கள் சனசமூக நிலையம் சபையிடம் கேட்க நினைக்கிறது. எப்போது, எப்படி?

நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கும். வரவு செலவுத் திட்டம் வழமையாக டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வரும். நவம்பரில் கடிதம் கொண்டுபோனால் அடுத்த வருடம் பாருங்கள் என்பார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே உங்கள் வட்டார உறுப்பினர் வழியாகக் கொடுத்து, கையளித்த பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

மூலதனச் செலவையும் மீண்டெழும் செலவையும் இரண்டு தனிப் பக்கங்களில் எழுதுங்கள். கமரா, ஒலி மிக்ஸர், யூபிஎஸ் ஒரு பக்கம். பதிவாளருக்கான கொடுப்பனவு, இணையம், ஹார்ட் டிஸ்க், திருத்த வேலை மறுபக்கம். முதல் பக்கம் மட்டும் நிறைவேறினால் மறுபக்கத்துக்கும் ஒதுக்கீடு வரும் வரை உபகரணத்தைப் பொறுப்பெடுக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: ஆள் இல்லாத கமரா இரண்டாம் வருடம் அலுமாரிக்குள் போய்விடும், அதைக் காட்டியே அடுத்த கோரிக்கையை வெட்டுவார்கள்.

பணமாகக் கேட்பதைவிட மண்டபம், மின்சாரம், இணைய இணைப்பு, ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து ஒரு வயர் என்று கேட்பது இலகு. சபை வாங்கிய பொருள் சபையின் சொத்தாகவே இருக்கும். தொடர் இலக்கத்தைக் குறித்து ஒப்பம் வைத்து எடுங்கள்; கணக்காய்வில் பொருள் காணாவிட்டால் கேள்வி உங்கள் தலையில் விழும்.

உடன்படிக்கையில் ஒரு வசனம் கட்டாயம் வேண்டும்: கூட்டப் பதிவு வெட்டாமல் முழுதாக வெளியாகும், எந்த உறுப்பினரின் பேச்சையும் நீக்கும்படி சபை கேட்க முடியாது. அமெரிக்கச் சட்டமும் இந்த அலைவரிசைகளின் உள்ளடக்கத்தில் கேபிள் கம்பனி கைவைப்பதைத் தடுக்கிறது.

அதே வாசகர்: சபை விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று அறியலாமா?

அறியலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் (சபையில் மேன்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி) மேன்முறையீடு. “விளம்பரச் செலவு” என்று பொதுவாகக் கேட்காமல், கடந்த மூன்று வருடத்தில் வீடியோ, புகைப்படம், பத்திரிகை விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த தொகை என்று பிரித்துக் கேளுங்கள். அந்தப் பதிலில் இருக்கும் வீடியோத் தொகையே உங்கள் கோரிக்கைக்கு அடித்தளம்.

கிருலப்பனை வாசகர்: பதிவு செய்தோம். படம் நல்லம், சத்தம் கரகரப்பு. என்ன பிழை?

மிக்ஸரின் லைன் அவுட்டை (ஒலி வெளியே வரும் துளை) கமராவின் மைக் இன்புட்டில் செருகியிருப்பீர்கள். லைன் அளவு மைக் அளவைவிடப் பல மடங்கு பலமானது. சத்தம் உள்ளே போனவுடனேயே உடைந்துவிடும், பிறகு திருத்த முடியாது. கமரா மெனுவில் இன்புட்டை லைனுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் நடுவில் அட்டெனுவேட்டர் வயர் (சிக்னலைக் குறைக்கும் வயர்) போடுங்கள். “ம்ம்ம்” என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டால் அது எர்த் பிரச்சினை. கமராவை பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஒலி வயரின் நடுவில் ஐசலேஷன் டிரான்ஸ்போமர் (இரு பக்க எர்த்தையும் பிரித்து வைக்கும் சின்னப் பெட்டி) ஒன்று போதும். எர்த் பின்னைக் கழற்றி விடாதீர்கள், ஷொக் அடிக்கும்.

டியூப் லைட் அடியில் படம் துடித்தால் கமராவை வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வினாடியில் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன்கள் பல 30 பிரேமில் வருவதால்தான் துடிப்பு. நேரலைக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் வைத்தால் மணிக்கு 2.25 ஜீபி டேட்டா போகும். கூட்டம் மூன்று மணி நேரம் என்றால் ஏறக்குறைய 7 ஜீபி. நேரலை அறுந்தாலும் கமராவின் கார்ட்டில் தனிப் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசகர்: பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். தமிழ் ஆக்கள் பார்ப்பார்களா?

மூன்று மணி நேரத்தை எந்த மொழிக்காரரும் முழுதாகப் பார்ப்பதில்லை. வீடியோவின் கீழே நிகழ்ச்சி நிரலைத் தமிழில் போட்டு, ஒவ்வொரு விடயத்துக்கும் நேரக்குறி கொடுங்கள்: “0:42:10 ஹம்டன் ஒழுங்கை வடிகான்” என்கிற மாதிரி. யூடியூப்பில் முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும். இல்லாவிட்டால் அத்தியாயமாகப் பிரியாது. முழு உபதலைப்புக்குக் காசில்லாத வருடத்தில் உங்கள் வட்டார விடயத்துக்கு மட்டும் தமிழ் உபதலைப்புப் போடுங்கள். பத்து நிமிடத் துண்டு என்றால் இரு மொழியும் தெரிந்த ஒருவர் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்.