அளந்தது யார், அச்சிட்டது யார்? தென்னாப்பிரிக்க விளையாட்டுச் சாதனைகள்: கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், பள்ளி ஆசிரியை): இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பப்வா சியூகோலம் என்றாலே மழையில் கோப்பை வாங்கிய படம்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. வேறென்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: அந்தப் படம் உண்மைதான் அம்மா. 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. அதனால் வெளியே, மழையில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஒரு படமே அவருடைய ஆட்டத்தை மூடிவிட்டது. டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றவர் அவர். 1965இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளையின கோல்ஃப் வீரர் கேரி பிளேயரையே முந்தி மறுபடியும் நேட்டால் ஓப்பனை வென்றார். அதற்குப் பிறகுதான் உள்நாட்டுப் போட்டிகளின் கதவை அவருக்கு அடைத்தார்கள்.

வகுப்பில் அவருடைய பிடியைக் காட்டுங்கள். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையில் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். பப்வா வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்தார். விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்து அப்படிப் பிடித்து வீசச் சொல்லுங்கள். கைகள் எப்படி இடிக்கின்றன என்பது உடனே தெரியும். அந்தப் பிடியோடு ஐரோப்பாவில் மூன்று பட்டம் என்பது புரிந்தால், மழைப் படத்தையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கேள்வி (மெரீபேங்க்): அண்ணா, 1950களில் இந்தியர் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் தாத்தா 100 கஜத்தை 10.2 வினாடியில் ஓடியதாகப் பேப்பர் துண்டு இருக்கிறது. இன்றைய 100 மீட்டரோடு எப்படி ஒப்பிடுவது?

பதில்: மூன்று விஷயம் பார்க்க வேண்டும் தம்பி. முதலில் தூரம். 100 கஜம் என்பது 91.44 மீட்டர், அதாவது 8.56 மீட்டர் குறைவு. நேர்விகிதத்தில் பெருக்கினால் 11.15 வரும், அது தப்பு. ஓட்டத்தில் மெதுவான பகுதி தொடக்கம்தான். கடைசியில் கூடும் மீட்டர்களை முழு வேகத்தில் ஓடுவதால் சுமார் 0.9 வினாடி போதும். ஆக 11.1 என்று வையுங்கள்.

அடுத்தது கடிகாரம். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் துப்பாக்கியைக் கண்டு சற்றுத் தாமதமாக அமுக்குவார். முடிவுக் கோட்டிலோ ஓடிவருபவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சரியாக நிறுத்திவிடுவார். அதனால் நேரம் குறைவாகவே வரும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24, 400 மீட்டருக்கு 0.14 கூட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் தாத்தாவுடையது ஏறக்குறைய 11.3.

மூன்றாவது காற்று. பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக எடுக்க மாட்டார்கள். அந்தத் துண்டில் காற்று அளவு இருக்காது என்பதால் சாதனைப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வெள்ளையர் போட்டிகளிலும் ஸ்டாப்வாட்ச்தான். அதே வருடத்து நேட்டால் வெள்ளையர் பள்ளிகளின் 100 கஜ நேரத்தை எடுத்து, எதையும் கூட்டாமல் பக்கத்தில் எழுதுங்கள். தாத்தாவுக்கு நியாயமான அளவுகோல் அதுதான்.

கேள்வி (லெனேசியா): பெரிய பேப்பர்களில் நம்மவர் முடிவுகள் கிடைக்கவில்லையே, எங்கே தேடுவது?

பதில்: டர்பனில் வந்த 'லீடர்', 'கிராஃபிக்' வார இதழ்களில் தேடுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பெஸ்ஸி ஹெட் நூலகம், அச்சாகும் வெளியீடுகளின் பிரதிகள் சட்டப்படி சேரும் இடம். சில ஞாயிறு இதழ்கள் இந்தியருக்கெனத் தனிப் பதிப்பு போட்டன. மைக்ரோஃபிலிமில் பொதுப் பதிப்பு மட்டும் இருந்தால் 'செய்தியே வரவில்லை' என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரும் ஏமாற்றும். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். ஒரே ஆளுக்கு வாரத்துக்கு ஒரு எழுத்துக்கூட்டு இருக்கும். முன்னெழுத்தையும் கிளப்பையும் வைத்துத் தேடுங்கள்.

கிரிக்கெட் என்றால் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 1970களில் தொடங்கிய, இனப்பாகுபாட்டை ஏற்காத கிரிக்கெட் வாரியம் நடத்திய ஹோவா பௌல் ஆட்டங்களுக்குப் பின்னாளில் முதல்தர அந்தஸ்து கொடுத்தார்கள். ஸ்கோர் விவரங்களைத் திரட்ட முடிந்ததும் அதற்கு உதவியது.

கேள்வி (பீனிக்ஸ்): மகன் அரசுப் பள்ளியில் வேகப்பந்து போடுகிறான். தேர்வாளர்கள் பணக்காரப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள். என்ன செய்ய?

பதில்: உங்கள் வருத்தம் நியாயம்தான். ஸ்வீடே என்ற கறுப்பர் குடியிருப்பில் பிறந்த ரக்பி வீரர் சியா கொலிசியை உதவித்தொகை கிரே பள்ளிக்குக் கொண்டுபோனது. வேகப்பந்து வீச்சாளர் மகாயா என்டினி டேல் கல்லூரி என்ற பள்ளிக்குப் போனார். திறமை அதற்கு முன்பே இருந்தது, பார்க்கிறவர்கள் இருந்த இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை தேர்வாளர் கையில் நம்பத்தக்க காகிதமாவது இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரைச் சரிபாருங்கள். பேட்டர்களின் ஓட்டங்களோடு எக்ஸ்ட்ராவைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பை, லெக் பை இரண்டையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கிலேயே இருக்கின்றன. அவற்றை இன்னொரு முறை கூட்டுவதுதான் பள்ளி ஸ்கோரில் அடிக்கடி வரும் பிழை. இரு அணி ஸ்கோரரும் கையெழுத்திட்ட பக்கத்தை அன்றே படமெடுங்கள்.

வீடியோவை ஸ்டம்புக்கு நேர் பின்னாலிருந்து எடுங்கள். விக்கெட்டுகளை மட்டும் வெட்டி ஒட்டாமல் முழு ஓவர்களை அனுப்புங்கள். ஆறு பந்தும் எங்கே விழுகின்றன என்பதைத்தான் தேர்வாளர் பார்க்க விரும்புவார்.

கேள்வி (டர்பன்): இப்படிப் பார்த்தால் வெள்ளையர் வென்றதெல்லாம் சாதனையே இல்லை என்றாகிவிடாதா?

பதில்: ஆகாது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் மாரத்தானைப் பாருங்கள். கறுப்பரையும் பெண்களையும் அதிகாரபூர்வமாக அனுமதித்தது 1975இல்தான். புரூஸ் ஃபோர்டைஸின் ஒன்பது வெற்றிகளும் 1981 முதல் வந்தவை, எல்லாருக்கும் திறந்த போட்டியில் கிடைத்தவை. 1935இல் முழுத் தூரமும் ஓடி முடித்த கறுப்பரான ராபர்ட் ம்ட்ஷாலியின் பெயரோ அதிகாரபூர்வ முடிவில் ஏறவில்லை. 2019 முதல், ஓட்டத்தை 9 மணி நேரத்துக்கு மேல் 10 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு அவர் பெயரில் பதக்கம் கொடுக்கிறார்கள். நான் கேட்பது சின்னத் திருத்தம்தான். வெற்றியாளர் பட்டியலில் 1975க்கு முந்தைய வருடங்களுக்கு மேலே 'வெள்ளை ஆண்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி அச்சிட வேண்டும். யார் பெயரையும் அடிக்க வேண்டியதில்லை.