குடல் பாலிப்: முழுசாக எடுப்பதா, துண்டாக எடுப்பதா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்குப் பெருங்குடலில் 6 மில்லிமீட்டர் பாலிப் இருந்தது. கரண்ட் வைக்காமல் வெறும் கம்பியால் அறுத்தார்களாம். இது பழைய முறையா?

பதில்: இல்லை. பாலிப் என்பது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை; 10 மி.மீ.க்கு உட்பட்டதற்கு இன்று அதுதான் முதல் தேர்வு. மெல்லிய கம்பிச் சுருக்கை மாட்டி, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து இறுக்கினால் அறுந்து வந்துவிடும். லேசாகக் கசியும் ரத்தம் சற்று நேரத்தில் தானே நின்றுவிடும். கரண்ட் வைத்தால் சூடு குடல் சுவரின் ஆழத்துக்கு இறங்கும். பல நாள் கழித்து ரத்தம் வருவது பெரும்பாலும் அந்தச் சூட்டுப் புண்ணிலிருந்துதான்.

கேள்வி: மாமியாருக்கு 30 மி.மீ., தட்டையான பாலிப். ஒருவர் இ.எம்.ஆர். என்கிறார், இன்னொருவர் இ.எஸ்.டி. என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டு (கொலோனோஸ்கோபி), வயிற்றைக் கிழிக்காமல் பாலிப்பை எடுக்கும் முறைகள்தான். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். பாலிப்புக்கு அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றுவோம். ஒட்டிக் கிடந்தது பூரி மாதிரி உப்பி எழும். அப்படி எழாமல் அடம்பிடித்தால், புற்று ஆழமாக இறங்கியிருக்குமோ என்று யோசிப்போம்.

அப்புறம்தான் வழி பிரிகிறது. இ.எம்.ஆரில் சுருக்கு போட்டு அறுப்போம்; 20 மி.மீ. தாண்டினால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். இ.எஸ்.டி. ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்காக வளர்ந்த முறை. சிறிய மின்கத்தியால் சுற்றிக் கீறி, அடியிலிருந்து உரித்து முழுசாக எடுப்போம். எடுத்ததைப் பலகையில் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தி பரிசோதனைக்கு அனுப்புவோம். விளிம்பு சுத்தமா, புற்று எவ்வளவு ஆழம் என்று, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் அளந்து சொல்லிவிடுவார். ஏழெட்டுத் துண்டாகப் போனால் எது விளிம்பு என்று அவரால் சொல்ல முடியாது.

ஆகவே மேற்பரப்பில் புற்றின் சாயல் தெரிந்தால் நான் இ.எஸ்.டி. பக்கம். தெரியாவிட்டால் இ.எம்.ஆர். போதும். இ.எஸ்.டி.க்கு நேரம் அதிகம், குடலில் ஓட்டை விழும் வாய்ப்பும் அதிகம். செய்பவர் அதை அடிக்கடி செய்பவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: துண்டாக எடுத்தால் திரும்ப வளருமாமே?

பதில்: வளரலாம். ஆனால் அறுத்த இடத்தின் ஓரத்தைச் சுருக்கின் நுனியால் சுட்டுவிட்டால் வெகுவாகக் குறைகிறது. 2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் திரும்ப வளர்வது 21 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. 6 மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபிக்கு வரச்சொல்வது இதற்குத்தான். வலி இல்லையே என்று பலர் வருவதில்லை. திரும்ப வளர்வதும் வலிக்காது. தயவுசெய்து வாருங்கள்.

கேள்வி: எடுத்த மறுநாள் ஊருக்குக் கிளம்பலாமா?

பதில்: பெரிய பாலிப் என்றால் 2 வாரம் மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் இருங்கள். கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ இரவானாலும் உடனே கிளம்பி வாருங்கள்.