விபத்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தால் என்ன?

சாலை விபத்து கேஸ்களில் கோர்ட் லட்சக்கணக்கில் கொடுப்பதால்தான் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுகிறது, அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது என்பேன். காரணம் என் சித்தப்பா.

அவர் கொத்தனார். 2015-இல், அவருக்கு 38 வயது, வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது பின்னால் வந்த வேன் இடித்து வலது முழங்கால் நொறுங்கிப்போனது. மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று சர்டிபிகேட் கொடுத்தது. மாத வருமானம் 10,000 என்று வைத்தார்கள். வருஷ வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் பெருக்குத்தொகை; 38 வயதுக்கு அது 15, ஆக மொத்தம் 18 லட்சம், அதில் 40 சதவீதம் 7,20,000 கொடுத்தால் போதும் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ஆனால் குத்த வைக்க முடியாத, சாரத்தில் ஏற முடியாத கொத்தனாருக்குப் போனது 40 சதவீதமா? உச்ச நீதிமன்றம் 2010-இலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒரு கையை இழந்தவர் அரசு குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமல் இருக்கலாம், அவரே டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும், அதனால் உடம்பு ஊனத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைக் காட்டித்தான் எங்கள் வக்கீல் வாதாடினார், தீர்ப்பாயம் 80 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. உச்சவரம்பு என்று வந்தால் இப்படி ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுவது முதலில் போய்விடும்.

அதுவும் ஐந்து வருஷம் கழித்துத்தான் பணம் வந்தது. அதற்குள் சித்தியின் நகை போய்விட்டது, பெரியவன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

போலி கேஸ்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டையும் எஃப்.ஐ.ஆரையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர்களைப் பிடிக்கட்டும், அதற்காக நிஜமாகவே கால் போனவர் பணத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

சரி, உச்சவரம்பு இல்லாமலே வாசலைக் குறுக்குகிற வேலை நடந்துவிட்டது, அதைத்தான் நிறைய பேர் கவனிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீட்டு மனு போட இருந்த காலக்கெடுவை 1994-இல் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தத்தில் ஆறு மாதம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் அமல். எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சித்தப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்ததே ஏழாவது மாதத்தில், நாங்கள் வக்கீலிடம் போனது எட்டாவது மாதம். உங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டிருந்தால் விபத்துத் தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள், டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து இல்லை.