வில்லோ விளாரில் முடைந்த தோட்டச் சிற்பங்கள்: கேள்வி-பதில்

இலைகள் உதிர்ந்து, இங்கிலாந்தின் சோமர்செட் தாழ்நிலங்களில் வில்லோ அறுவடை தொடங்கும் நவம்பர் மாதத்திலிருந்து முடைதல் பற்றிய கேள்விகள் எனக்கு வரத் தொடங்கிவிடும். பதிலுக்கு முன் ஒரு சொல் விளக்கம். நான் ‘விளார்’ என்று குறிப்பிடுவது, தரையோடு வெட்டப்பட்ட வில்லோ மரத்தின் அடிக்கட்டையிலிருந்து ஒரே ஆண்டில் நெடுநெடுவென்று வளரும் கிளையற்ற குச்சியை. சோமர்செட்காரர்கள் அதை ‘விதி’ என்று உச்சரிப்பார்கள். முறிந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெயர் தமிழ்க் காதுக்குப் பொருத்தமாகவே படும்.

ஆறடி நீளப் பழுப்பு வில்லோ ஒரு கட்டு வாங்கி, குளியல் தொட்டியில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் வளைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முறிகின்றன. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? (லெஸ்டர் வாசகி)

சரக்கின் மீது பழி வேண்டாம். ஓர் இரவு போதவில்லை, அவ்வளவுதான். பழுப்பு வில்லோ என்பது தோலோடு உலர்த்தப்பட்டது என்பதால், அதற்குள் தண்ணீர் மிக மெதுவாகவே இறங்கும். ஓர் அடி நீளத்துக்கு ஒரு நாள் என்பது கூடைக்காரர்களின் வாய்ப்பாடு. ஆகவே உங்கள் ஆறடி விளாருக்கு ஆறு நாள் வேண்டும், கடுங்குளிரில் இன்னும் ஓரிரு நாள் கூடலாம். தோலோடு பல மணி நேரம் வேகவைத்துப் பின்னர் உரித்த செம்மஞ்சள் நிற வில்லோவுக்கோ ஒன்றிரண்டு மணி நேரமே போதும். நீங்கள் படித்த குறிப்பு பெரும்பாலும் அந்த உரித்த வகைக்கு எழுதப்பட்டதாக இருக்கும்.

விளார் முழு நீளத்துக்கும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். அது மிதக்கும் பொருள் என்பதால் மேலே செங்கல் வைத்து அழுத்துங்கள். குளியல் தொட்டியில் ஆறடி அடங்காது; ஒரு முனையை மூடிபோட்டு அடைத்த மழைநீர்க் குழாயைச் சுவரோரம் நிறுத்தி, அதில் நீர் நிரப்பி விளார்களைச் செருகிவிட்டால் வீட்டில் சண்டை வராது.

ஊறியதும் எடுத்து உடனே முடையக் கூடாது. ஈரச் சாக்கிலோ பழைய படுக்கை விரிப்பிலோ சுற்றி ஓர் இரவு நிழலில் கிடத்தினால், மேல்தோலில் நிற்கும் ஈரம் உள்மரத்துக்கு இறங்கிப் பதமாகும். பதம் பார்க்க, நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விளாரைக் கட்டைவிரலைச் சுற்றி மெல்ல வளைத்துப் பாருங்கள். தோல் சுருங்கினால் சரி; உள்ளே ‘டிக்’கென்ற சிறு ஒலி கேட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் ஊற வேண்டும்.

அளவுக்கு மீறி ஊறவிடுவதும் கேடுதான். முதல் ஆண்டுக் கோடையில் மூன்றடி விளார்களைப் பத்து நாள் தண்ணீரில் மறந்துவிட்டேன். வெளியே எடுத்தபோது, அவித்த சேப்பங்கிழங்கின் தோல் கழல்வதைப் போல வழவழவென்று தோல் கையோடு வந்தது. மாட்டுத் தொட்டியின் அடிநீர் வாசம் இரண்டு நாள் விரல்களை விட்டுப் போகவில்லை.

எந்த வகை வில்லோ வாங்குவது, எவ்வளவு வாங்குவது? (பிரிஸ்டல் வாசகர்)

வெளியில் நிற்கும் சிற்பத்துக்குத் தோலோடு உள்ள பழுப்பு வில்லோவே ஏற்றது. உரித்த வகைகள் வீட்டுக்குள் இருக்கும் கூடைக்கே அழகு. சோமர்செட்டில் காலங்காலமாகப் பயிரிடப்படும் ‘பிளாக் மால்’ என்னும் வகை சாலிக்ஸ் ட்ரையாண்ட்ரா இனத்தைச் சேர்ந்தது. புதிதாக முடைபவர் கைக்கும் இணங்கும். நீண்டு பருத்த விளார் வேண்டுமென்றால் சாலிக்ஸ் விமினாலிஸ், முகம், காது போன்ற நுண்ணிய இடங்களுக்கு மெல்லிய சாலிக்ஸ் பர்ப்யூரியா. விற்பனை அளவு ‘போல்ட்’ என்னும் கட்டு; மரபுப்படி அதன் அடிச் சுற்றளவு 37 அங்குலம். முயல், கோழி அளவுக்கு ஒரு கட்டே மிஞ்சும்.

மான் ஒன்றைச் செய்ய ஆசை. கம்பிச் சட்டகம் இல்லாமல் வில்லோவை மட்டும் வைத்துச் செய்தால்தானே அசல் கலை? (ஹாரோ வாசகர்)

இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உட்கார்ந்த முயல், அடைகாக்கும் கோழி போன்று வயிறு தரையில் படியும் உருவங்களுக்குச் சட்டகம் தேவையில்லை. இரண்டு வளையங்களை ஒன்றன் குறுக்கே ஒன்றாகக் கட்டி, அவற்றைச் சுற்றியே வளர்த்துக்கொண்டு போகலாம். நான்கு மெல்லிய காலில் நிற்கும் மானின் எடையும், அதன் மீது விழும் காற்றின் தள்ளலும் அந்தக் கால்களில்தான் இறங்குகின்றன. 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான கட்டுமானக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த சட்டகம் இல்லாவிட்டால், இரண்டாம் குளிர்காலத்திலேயே மான் மண்டியிட்டுவிடும். பிரிட்ஜ்வாட்டர் அருகே எம்5 நெடுஞ்சாலையோரம் 2000ஆம் ஆண்டில் செரீனா டி லா ஹே எழுப்பிய 12 மீட்டர் உயர ‘வில்லோ மேன்’ உருவமும் எஃகுச் சட்டகத்தின் மீது பிளாக் மால் விளாரால் முடையப்பட்டதுதான். அதை அசல் கலை அல்ல என்று எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

சட்டகத்தின் மீது முடையும் முறையில்தான் கவனம் வேண்டும். விளாரின் தடித்த அடிமுனையை உருவத்தின் உட்புறம் செருகி, நுனியை வெளியே கொண்டுவந்து, ஏற்கெனவே உள்ள விளார்களின் மேலும் கீழுமாக இரண்டு மூன்று இடங்களில் கோத்து இழுத்தால், அது தன் விறைப்பாலேயே நிற்கும். கம்பியோ கயிறோ வைத்துக் கட்டத் தேவையில்லை. முதல் அடுக்கு கையை உள்ளே விடும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். இரண்டாம் அடுக்கில் விளாரின் ஓட்டம் விலங்கின் தசை ஓடும் திசையிலேயே ஓட வேண்டும்: தோளிலிருந்து முன்னங்காலுக்குச் சரிந்து இறங்க வேண்டும், தொடையில் வட்டமாகச் சுழல வேண்டும், கழுத்தில் நீளவாக்கில் ஏற வேண்டும். தொடங்கும் பலர் கூடை பின்னுவதைப் போலக் குறுக்கே சுற்றிக்கொண்டே போகிறார்கள். மான் வருவதில்லை, மான் வடிவப் பீப்பாய் வருகிறது. கண்ணுக்குக் கண்ணாடி மணி வைக்காதீர்கள். அந்த இடத்தைப் பொந்தாக விட்டாலே, உள்ளிருக்கும் இருட்டு பார்வையாகத் தெரியும்.

ஈர வில்லோவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் விரல்கள் மை தொட்டதைப் போலக் கறுத்துப் போகும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாண்டு முன் வாங்கிய வில்லோ கோழியின் கால்கள் இற்றுப்போய்விட்டன, உடல் சாம்பல் நிறமாகிவிட்டது. வார்னிஷ் அடித்தால் காப்பாற்றலாமா? (குரோய்டன் வாசகி)

வார்னிஷ் வேண்டாம். அது மேலே ஒரு படலமாக நின்று, வெயிலுக்கும் பனிக்கும் வெடித்து, வெடிப்பின் வழியே இறங்கும் மழைநீரை வெளியேற விடாமல் அடைத்துக்கொள்ளும். முடையும்போது நனைந்தே இருக்க வேண்டிய வில்லோ, முடைந்த பின் நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிட வேண்டும். பராமரிப்பின் சூட்சுமம் இவ்வளவுதான்.

கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் என்று கடைகளில் விற்பதையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து, தொடர்ந்து சில நாள் மழை இல்லாத பருவமாகப் பார்த்து, தூரிகையாலோ கைத்தெளிப்பானாலோ உட்புறத்திலும் படும்படி பூசுங்கள். இளவேனிலில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிவிடும் வெப்பத்தால் அது தானே தீப்பிடிக்கும். வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

சாம்பல் நிறம் நோயல்ல, வயது. கால்கள் இற்றதற்குக் காரணம் புல்தரை. இற்ற பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு இரும்பு முளைகளைத் தரையில் அடித்து, அவற்றோடு சேர்த்துப் புதிய விளாரால் கால்களை முடையுங்கள். அடியில் ஒரு பலகைக்கல்லைப் போட்டுப் புல் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கவனித்தாலும் வெளியில் நிற்கும் வில்லோவுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுதான் ஆயுள். மேலே சொன்ன வில்லோ மேன் 2001 மே மாதம் தீவைப்பில் எரிந்து, அதே ஆண்டில் மீண்டும் முடையப்பட்டு, தீவைப்பாரைத் தடுக்கச் சுற்றிலும் அகழியும் வெட்டப்பட்டது. ஆனால் கூடு கட்ட விளாரை உருவிச் செல்லும் பறவைகளை அகழி என்ன செய்யும்?

அறுத்த கையோடு பச்சை விளாரில் ஒரு வாத்து முடைந்து நட்டேன். மே மாதத்தில் அது தளிர்த்துவிட்டது! (நார்விச் வாசகர்)

வாத்து வேர் பிடித்துவிட்டது. மண்ணில் செருகிய பச்சை விளார் வளர்ந்தே தீரும். உயிர்ப் பந்தல், உயிர்க் குடில் எல்லாம் இந்தக் குணத்தை நம்பித்தான் நடப்படுகின்றன. வேண்டாம் என்றால் தரைமட்டத்தில் வெட்டி, இரும்பு முளையில் ஏற்றுங்கள். வேண்டும் என்றால் கோடையில் புதுத் துளிர்களை உடலுக்குள்ளேயே கோத்துவிட்டு, குளிர்காலத்தில் கவாத்து செய்யுங்கள். வீட்டுச் சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பத்து மீட்டருக்குள் இருந்தால் இரண்டாவது வழியை மறந்துவிடுங்கள். ஈரத்தைத் தேடிச் செல்வதில் வில்லோ வேருக்கு நிகர் குறைவு.

எங்கள் உயிர்ப் பந்தலில் செப்டம்பரில் குளவிகள் மொய்த்தன, கீழே இருந்த இருக்கை கறுத்துப் பிசுபிசுத்தது. (கென்ட் வாசகி)

இது பெரிய வில்லோ அசுவினி என்னும், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியின் வேலை. அது கழிக்கும் தேன் போன்ற நீருக்குத்தான் குளவி வருகிறது. அதன் மேல்தான் கரும்பூசணமும் படர்கிறது. கைக்கு எட்டும் இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, குளவி அடங்கும்வரை இருக்கையை நகர்த்தி வையுங்கள். மருந்து அடிக்கும் அளவுக்கு மரத்துக்கு ஆபத்தில்லை.

சென்னையில் இருக்கிறேன். இங்கே வில்லோ கிடைக்குமா? (சென்னை வாசகர்)

கிரிக்கெட் மட்டைக்கான காஷ்மீர் வில்லோவை அறிவீர்கள். காங்கிரி நெருப்புக் கூடையின் விளாரும் அங்கேயே விளைகிறது. ஆனால் அதைச் சென்னைக்கு வரவழைத்து, அந்தப் புழுக்கத்திலும் கரையானிலும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்கு அருகிலேயே வேறொரு வழி இருக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள், காட்டை மூடிவரும் உண்ணிச்செடியை வெட்டி, தண்டுகளைக் கொதிக்கவைத்துத் தோலுரித்து, கம்பிச் சட்டகத்தின் மீது வளைத்து முழு அளவு யானைகளைச் செய்கிறார்கள். 2021 கோடையில் அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் லண்டன் பூங்காக்களுக்கு வந்திருந்தன. அவற்றுள் ஒரு குட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தபோது, முழங்கால் மடிப்பில் தண்டுகள் நெருக்கமாகவும் விலாவில் சற்று அகன்றும் ஓடியதைக் கவனித்தேன். ஹாரோ வாசகருக்கு மேலே நான் ஒரு பத்தியில் விளக்க முயன்றதை அந்த முழங்கால் ஒரு பார்வையில் காட்டிவிட்டது. உண்ணிச்செடியின் கிளைகளில் சுணை உண்டு. உரிக்கும்போது தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.