கம்பெனி பயிற்சி எதுவும் தருவதில்லை; வேலையில் என் வளர்ச்சியை நானே திட்டமிடுவது எப்படி?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவராக, இருக்கிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கொழுந்து எடை எழுதுகிற கிளார்க்காகச் சேர்ந்தவன். அதனால் இந்தப் பதிலில் தேயிலை வாசனை கொஞ்சம் தூக்கலாக அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சித் திட்டம் என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அப்பா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசின் தேயிலைக் கழகமான டான்டீயில் சேர்ந்தவர். சேர்ந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றார். நான் அப்படி இருக்கக் கூடாது என்ற வேகத்தில், வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம் தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். வகுப்புக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை பஸ் பிடித்துக் கோவை போய், ராத்திரி வாந்தி வராத குறையாக மலை ஏறி வருவேன். பாஸும் பண்ணினேன். அசிஸ்டென்ட் டீமேக்கர் இடம் காலியானது. கொடுத்தது என்னைவிட ஜூனியர் பையனுக்கு.

மேனேஜரிடம் போய் நின்றேன். "படிப்பு நல்லதுதான் தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரையர்ல சூடு ஏறலைன்னா உன்னைக் கூப்பிட்டு நான் என்ன செய்யட்டும்?" என்றார். ஆறு மாதம் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அதற்குப் பிறகுதான் உருப்படியாக ஒன்று செய்தேன். எனக்கு எந்த வேலை வேண்டுமோ, அந்த வேலையில் இருப்பவரின் ஒரு ஷிஃப்டை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு நோட்டில் எழுதினேன். ட்ரஃப் என்கிற வாட்டும் தொட்டியில் கொழுந்து வாடிவிட்டதா என்று கையில் அள்ளிப் பிடித்துப் பார்ப்பது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரில் வெட்டு சரியாக விழுகிறதா என்று பார்ப்பது, புளித்தது போதும் என்று முடிவு செய்வது, டிரையர் சூடு, கிரேடு பிரிப்பது, ருசி பார்ப்பது, 100 கிலோ கொழுந்துக்கு 22, 23 கிலோ தூளாவது தேறியதா என்ற கணக்கு. பதினான்கு வரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'தெரியும்', 'பார்த்திருக்கிறேன்', 'தெரியாது' என்று நேர்மையாகக் குறித்தேன். 'தெரியும்' மூன்றுதான், மூன்றும் ரிஜிஸ்டர் வேலை. எம்.பி.ஏ. எந்த வரியிலும் போய் உட்காரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் முதலில் இதுதான். பதவியின் பேரை எழுதாதீர்கள், அந்தப் பதவியில் இருப்பவர் காலையிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.

அடுத்தது காலம். ஏப்ரல், மே மழைக்குக் கொழுந்து குவியும்போது உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது, கேட்டால் திட்டுதான் கிடைக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுந்து செடி கருகும், வரத்து குறையும், தொழிற்சாலை வாரத்தில் சில நாள்தான் ஓடும். மெஷினைக் கழற்றிப் போட்டிருக்கிற அந்த மாதங்கள்தான் என் பள்ளிக்கூடம். ஒரு பனிக்காலத்துக்கு நோட்டிலிருந்து ஒரு வரி, அவ்வளவுதான். முதல் பனியில் ரோலருக்குப் பல் தீட்டுவதைப் பார்க்கப் போனேன். "அண்ணே, நானும் நிக்கட்டுமா?" என்றதற்கு ஃபிட்டர் அண்ணன், "நிக்காதே, அந்த ஸ்பேனரைப் புடி" என்றார். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒரு மந்தமான மாதம் இருக்கும், கண்டுபிடியுங்கள்.

புளிக்கவைப்பதைக் கற்ற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எந்த வேலைக்கும் உதவும். வெட்டி வந்த இலை முதலில் பச்சைப் புல் வாசம் அடிக்கும். நேரம் போகப்போக நிறம் செம்புக்கு மாறி, பழ வாசம் போல ஒன்று எழும். அங்கே நிறுத்தி டிரையருக்கு அனுப்ப வேண்டும், விட்டால் டீ சப்பென்று ஆகிவிடும். பழைய டீமேக்கர் எனக்கு எதையும் விளக்கவில்லை. "நான் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு" என்றார், அவ்வளவுதான். நான் 'இப்ப' என்று சொன்ன நேரம், அவர் சொன்ன நேரம், இரண்டையும் நோட்டில் எழுதினேன். முதல் வாரம் பதினைந்து நிமிடம் வரை தப்பினேன். இரண்டு மாதத்தில் அது மூன்று நிமிடத்துக்குள் வந்தது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஐந்து வருடத்தில் இது வரவில்லை.

ருசி பார்ப்பதை வீட்டிலேயே பழகினேன். ஐ.எஸ்.ஓ. 3103 என்று இதற்கு ஒரு தரமுறை உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். வெள்ளைக் கோப்பை ஆறு வாங்கி அடுப்படியில் வரிசையாக வைத்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் நான் உறிஞ்சித் துப்புவதைப் பார்த்து அம்மா, "உடம்புக்கு என்னடா?" என்றார்.

கற்றது மேலே இருப்பவர் கண்ணில் பட வேண்டாமா? வாராவாரம் குன்னூர் தேயிலை ஏலத்தில் எங்கள் லாட் (ஒரு தொகுதித் தூள்) போன விலையையும், அந்த லாட் தயாரான நாளில் கொழுந்து எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். சாக்கில் நெடுநேரம் அடைபட்டுச் சூடேறிய கொழுந்து வந்த நாட்களின் தூளுக்குத்தான் விலை கம்மி. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் தாளில் காட்டியதில்லை. ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். கூடவே, "அடுத்த இடம் காலியானா எனக்குத் தர எது சார் தடுக்கும்?" என்றும் கேட்டேன். இந்தக் கேள்வியை வருடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். எனக்கு அன்று இரண்டு தெளிவான காரணம் கிடைத்தது, அடுத்த இரண்டு பனி அவற்றுக்கே போனது.

கோர்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசு வேலை மாதிரி, பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாத இடத்துக்குக் குறிவைத்தால் படித்துத்தான் ஆக வேண்டும். கம்பெனி செலவில் படிக்க ஆசை என்றால் அவர்களுக்கு எது தேவை என்று பாருங்கள். உணவுத் தொழிலில் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்கிறது. எங்கள் இடத்தில் ஆள் இல்லை, நான் கை தூக்கினேன், பணம் அவர்களே கட்டினார்கள்.

வரப்போகிற பனிக்கு என் நோட்டில் இருப்பது, இலையை வெட்டாமல் உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தயாரிப்பு. மறுபடி ஆறு கோப்பையையும் இறக்க வேண்டியிருக்கும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.