தேங்காயைச் சாப்பிடுவதைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. என்னைக் கேட்டால், பருப்பைவிட அதைச் சுற்றியிருக்கும் மட்டைதான் பெரிய அதிசயம். அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். ஓலை, ஈர்க்கு, மரம் எல்லாம் தனிக் கதை. இங்கே காயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தென்னை கடலோர மரம். காய் கடலில் விழுந்து, மிதந்துபோய், வேறு கரையில் முளைக்க வேண்டும். அதற்கு மரம் செய்துவைத்த ஏற்பாடுதான் மட்டையும் தொட்டியும் (கொட்டாங்குச்சியை எங்கள் ஊரில் தொட்டி என்போம்). உப்புத் தண்ணீரில் லேசில் மட்காத நார், காயை மிதக்கவைக்கும் லேசான மட்டை, எளிதில் உடையாத ஓடு. விதையைக் காப்பாற்றிய இந்தக் குணங்களால்தான் நமக்கும் இத்தனை பயன்.

முதலில் நார். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம் இருப்பதால் கடல்நீரில் மற்ற நார்களைவிட நீண்ட நாள் தாங்கும். கட்டுமரத்தின் கட்டைகளைப் பிணைத்தது தென்னங்கயிறுதான். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, கயிற்றால் தைத்தார்கள். அலை தூக்கித் தரையில் போடும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இந்தக் கலை அழியவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா பாய்மரக் கப்பலும் தென்னங்கயிற்றால் தைத்ததுதான். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்துக் கேரளத்துக் கைவினைஞர்கள் கட்டினார்கள்.

கேரளத்துக் காயல்களில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து எடுப்பது வெள்ளை நார். கயிறு திரிக்கவும் தரைவிரிப்பு நெய்யவும் அது நல்லது. எங்கள் பக்கம் முற்றின மட்டையை மில்லில் அடித்து எடுப்பது பழுப்பு மஞ்சி (நாரைத்தான் மஞ்சி என்போம்). மெத்தைக்கும் மிதியடிக்கும் பிரஷ்ஷுக்கும் போகும். மண் சரியும் மேட்டில் விரிக்கும் கயிற்று வலையையும் நாரில்தான் செய்கிறார்கள். புல் வேர்பிடிக்கும்வரை மண்ணைப் பிடித்து வைத்துவிட்டு, சில வருடங்களில் அதுவும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

அப்புறம் நார்க்கழிவு. மஞ்சி எடுத்தபின் மிஞ்சும் தூள் ஒரு காலத்தில் மில்களுக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்து கிடந்தது, யாரும் சீண்டமாட்டார்கள். இன்று அதைக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதால், ஐரோப்பாவில் சதுப்பு நிலத்தைத் தோண்டி எடுக்கும் பீட் என்ற மட்கிய தாவர மண்ணுக்குப் பதிலாகப் பசுமைக்குடில்களில் இதில் செடி வளர்க்கிறார்கள்.

மாடித்தோட்டம் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மில்லிலிருந்து அப்படியே அள்ளிவந்த தூளில் உப்பு இருக்கும். கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, நூறு பங்கு கரிமத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்குதான். அதை நேராகச் செடித்தொட்டியில் கொட்டினால் செடி மஞ்சளாகும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, மண்ணும் தொழுஉரமும் கலந்துதான் போட வேண்டும். தோட்டத்துக்கு நிறைய வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இருக்கிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து. அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் கறுத்த உரமாகிவிடும்.

தொட்டிக்கு, அதாவது கொட்டாங்குச்சிக்கு வருவோம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்க, அகப்பை செய்ய, திருவிழாக் கடையில் விற்கும் கொட்டாங்குச்சி வயலினுக்கு என்றெல்லாம் பயன்பட்டாலும், பெரிய சந்தை கரிக்குத்தான். காற்றைக் குறைத்துச் சுட்டுக் கரியாக்கி, பிறகு மிக அதிகச் சூட்டில் நீராவி பாய்ச்சினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்குள் இருந்ததும் இந்தக் கரிதான். தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்து எடுப்பதும், உங்கள் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் குளோரின் நாற்றத்தைப் போக்குவதும் பெரும்பாலும் இதுவே. ஆனால் திறந்த குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் சூளைகளால் கிணறு கெடுகிறது என்று காங்கேயம், பல்லடம் பக்கத்து விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். புகையையும் கழிவுநீரையும் வெளியே விடாமல் கரி சுடும் உலைகள் இருக்கும்போது அடுத்தவர் கிணற்றைக் கெடுக்க வேண்டியதில்லை.

எண்ணெயைத் தலைக்குத் தேய்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் என்பதால், தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணீரிலும் நுரைக்கும். மாலுமிகள் அதனால்தான் அதை விரும்பினார்கள். பப்புவா நியூ கினியாவின் பூகன்வில் தீவில் 1990-களில் முற்றுகையால் டீசல் நின்றுபோனபோது, மக்கள் தேங்காய் எண்ணெயை ஊற்றியே வண்டி ஓட்டினார்கள். பிலிப்பைன்ஸில் இன்றும் டீசலில் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்க வேண்டும் என்பது சட்டம்.

சரி, வீட்டில் நாலு மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. மட்டையை எரிக்காதீர்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடுங்கள். மழைத்தண்ணீரை அது பிடித்து வைக்கும், மட்டையிலிருக்கும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மெல்ல மண்ணில் இறங்கும், பலன் ஐந்தாறு வருடத்துக்கு இருக்கும். பள்ளம் தோண்ட முடியாதவர்கள் பாத்தியின் மேலேயே பரப்பலாம். அப்போது மட்டும் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும்.