மலையேறும்போது மயங்கும் வண்டி

கேள்வி: தாத்தாவின் காபித் தோட்டத்தில் ஓடிய 1950-களின் வில்லிஸ் பிக்கப்பைப் பழுது பார்த்து ஓட்டுகிறேன். ஏற்காடு ஏறும்போது 60 அடிப் பாலம் அருகே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துக் கிளம்புகிறது. டீசல் இன்ஜின் பொருத்தச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அந்த யோசனையை அடிவாரத்திலேயே இறக்கிவிட்டு வாருங்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிய, இன்ஜினும் சேசிஸும் (அடிச்சட்டம்) மாறியிருக்கக் கூடாது.

ஆறியதும் கிளம்புகிறதென்றால், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது என்பதே என் முதல் சந்தேகம். இந்த இன்ஜினில் பெட்ரோல் பம்பும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். அடுத்த முறை நின்றதும் பம்பின்மேல் ஈரத்துணியைப் போடுங்கள்; சில நிமிடத்தில் உயிர் வந்தால் நோய் அதுதான். குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டி, ரேடியேட்டரைக் கழுவுங்கள். துணிக்கும் மசியாவிட்டால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். நான் இது தெரியாமல் கார்புரேட்டரை மூன்று முறை பிரித்த புத்திசாலி!

எனக்குக் கவலை ஏற்றம் அல்ல, இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் 20. உங்களுடையதோ ட்ரம் பிரேக். சூடேறினால் பிடிக்காது. இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பின்னால் எவர் ஹாரன் அடித்தாலும்.